மிருச்சகடிகத்தில் யாருக்கு விடுதலை கிடைக்கிறது?

சூத்ரகரின் சமஸ்கிருத நாடகமான மிருச்சகடிகம் முடியும்போது அடிமை வண்டியோட்டி விடுவிக்கப்படுகிறான், கணிகை குலமகளாகிறாள், சிறையிலிருந்து தப்பியவன் அரியணை ஏறுகிறான். அப்படியென்றால் இதை அடிமைத்தளைக்கு எதிரான நாடகம் என்று சொல்லலாமா என்பது கேள்வி.

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பத்து அங்கங்களிலும் விடுதலை என்பது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதாகவே வருகிறது. எசமானி மனம் இரங்கினால் கிடைக்கும், யாராவது பணம் கட்டினால் கிடைக்கும், அரசன் மாறினால் கிடைக்கும். கிடைத்தவர்களும் பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறார்களே தவிர, தன் கைக்கு வருவதில்லை. யாரும் கொடுக்காமல் ஒருவன் தானாக எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் எட்டாம் அங்கத்தில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அதுதான் நாடகத்தின் உச்சம் என்பது என் எண்ணம். நாடகத்தை வறியவனான சாருதத்தன், கணிகையான வசந்தசேனை இருவரின் காதல் கதையாக மட்டும் வாசிப்பவர்கள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் சட்டப் பின்னணி. மனு எட்டாம் அத்தியாயத்தில் ஏழு வகை அடிமைகளைச் சொல்கிறார்: போரில் பிடிபட்டவன், சோற்றுக்காக வந்தவன், வீட்டில் பிறந்தவன், விலைக்கு வாங்கப்பட்டவன், தானமாகக் கிடைத்தவன், முன்னோர் சொத்தாக வந்தவன், தண்டனையால் ஆனவன். நாரத ஸ்மிருதி இதைப் பதினைந்தாக விரிக்கிறது. பந்தயத்தில் தோற்றவன், பெருங்கடனிலிருந்து மீட்கப்பட்டவன், அடிமைப் பெண்மேல் கொண்ட பற்றால் அடிமையானவன், தன்னைத் தானே விற்றவன் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். வீட்டில் பிறந்தவன், வாங்கப்பட்டவன், தானமாக வந்தவன், வாரிசுச் சொத்தாக வந்தவன் ஆகிய நால்வருக்கும் எசமான் மனம் வைத்தாலொழிய விடுதலை இல்லை என்கிறது நாரதம். அர்த்தசாஸ்திரம் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறது: தகுந்த மீட்புப் பணம் கொடுத்தபின்னும் ஓர் அடிமையை விடுவிக்காத எசமானுக்கு 12 பணம் தண்டம். நாடகம் சட்டநூல் இல்லைதான். ஆனாலும் இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், பாத்திரங்கள் எந்தச் சுவரில் மோதுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் அங்கத்தில் அந்தச் சுவர் வேடிக்கைக் காட்சியாக வருகிறது. உடம்பு பிடித்துவிடும் தொழிலாளியான சம்வாஹகன் சூதில் பத்துப் பொன் தோற்று ஓடுகிறான். சூதுக்களத் தலைவன் மாதுரன் பிடித்துக்கொண்டு, அப்பனை விற்றுக் கொடு, அம்மாவை விற்றுக் கொடு என்கிறான். அவர்கள் ஏது என்றால், உன்னை விற்றுக் கொடு என்கிறான். அவன் உண்மையாகவே தெருவில் நின்று, பத்துப் பொன்னுக்கு என்னை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு வேலை செய்கிறேன் என்று கூவுகிறான். ஒருவரும் வாங்கவில்லை. பார்ப்பவர்கள் இங்கே சிரிப்பார்கள். ஆனால் நாரதம், சுதந்திரமாக இருந்தும் தன்னைத் தானே விற்றுக்கொள்கிறவனை அடிமைகளிலேயே கடையன் என்று சொல்லி, அவனுக்கு விடுதலையே கிடையாது என்கிறது. யாரேனும் பத்துப் பொன் நீட்டியிருந்தால் அந்தத் தெருவோடு அவன் வாழ்க்கை முடிந்திருக்கும். வசந்தசேனை தன் வளையலைக் கொடுத்துக் கடனை அடைக்கிறாள். அவன் பௌத்தத் துறவியாகிறான். நாடகத்தில் ஓரளவு முழுமையாக வெளியேறுகிறவன் இவன் ஒருவன்தான், அதுவும் உலகத்தை விட்டே விலகி.

நான்காம் அங்கத்து மதனிகை கதைக்கு நிறைய நேரம் கொடுக்க வேண்டும். அவள் வசந்தசேனையின் அடிமைப் பெண். அவளைக் காதலிக்கும் அந்தணன் சர்விலகன் மீட்புப் பணத்துக்காக மூன்றாம் அங்கத்தில் சாருதத்தன் வீட்டுச் சுவரைத் துளைத்துக் கன்னம் வைக்கிறான். சுவரை அளக்கப் பூணூலையே அளவுநூலாக்குகிறான். திருட்டை இழிவு என்று உலகம் சொல்லலாம், ஆனாலும் பிறரிடம் கைகட்டிச் சேவகம் செய்வதைவிடச் சுதந்திரத்தோடு வரும் பழியே மேல் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொள்கிறான். சேவகத்தைப் பற்றி இந்த நாடகத்தில் வரும் மிகக் கூர்மையான வரி அது. அந்தச் சுதந்திரத்தை வைத்து அவன் செய்யப்போவது ஒரு பெண்ணை விலைக்கு மீட்பது. அந்த விலைக்காகத் திருடிய நகைகளோ வசந்தசேனை சாருதத்தனிடம் அடைக்கலமாக வைத்தவை. அதாவது உடைமைக்காரியின் நகையைத் திருடி, அதை அவளிடமே கொடுத்து, அவளுடைய அடிமையை வாங்க வருகிறான். சொத்து எப்படிச் சுற்றினாலும் தொடங்கிய கைக்கே திரும்புகிறது.

மீட்புப் பணம் கொடுத்தால் எசமானி உன்னை விடுவாளா என்று சர்விலகன் கேட்கும்போது மதனிகை சொல்லும் பதிலைத் தவறவிடக் கூடாது. தன் விருப்பப்படி நடக்க முடியுமானால் பணம் வாங்காமலே எல்லாப் பணியாளரையும் விடுவித்துவிடுவேன் என்று வசந்தசேனை சொல்லியிருக்கிறாளாம். சாருதத்தனின் நண்பன் மைத்ரேயன் வாய்பிளந்து பார்க்கும் எட்டுக் கட்டு மாளிகையில் இருப்பவள், அடிமைகளுக்கு உடைமைக்காரி, அவளே ‘தன் விருப்பப்படி நடக்க முடியுமானால்’ என்கிறாள். முடியாது என்பதற்குச் சான்று அதே அங்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அரசனின் மைத்துனன் சகாரன் பத்தாயிரம் பொன் பெறுமான நகைகளோடு வண்டி அனுப்பியிருக்கிறான், ஏறிப் போ என்று தாயிடமிருந்து கட்டளை வருகிறது. நான் உயிரோடிருக்க வேண்டுமானால் இனி இப்படிச் சொல்லாதே என்று அவள் திருப்பி அனுப்புகிறாள். மறுப்பதற்கு உயிரையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

மறைந்திருந்து எல்லாவற்றையும் கேட்ட வசந்தசேனை மதனிகையைப் பணமின்றி விடுவிக்கிறாள். இனி நீதான் வணங்கத்தக்கவள் என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறாள். சர்விலகன் மதனிகையிடம் வசந்தசேனையைக் காட்டி, இவரைத் தலைவணங்கு, கிடைத்தற்கரிய ‘மனைவி’ என்னும் முக்காடு இவரால்தான் உனக்குக் கிடைத்தது என்கிறான். விடுதலை ஒரு முக்காடாக வருகிறது. வண்டி நகர்வதற்குள் தன் நண்பன் ஆரியகனை அரசன் பாலகன் சிறைவைத்த செய்தியைக் கேட்டு, சர்விலகன் புதுமனைவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் குதித்துப் போகிறான். மதனிகை கைகூப்பி, என்னைப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கிறாள். வணிகன் ரேபிலன் வீட்டுக்கு வண்டி போகிறது. அடிமைத்தளை நீங்கிச் சில நிமிடங்களில் அவள் கேட்க முடிந்தது இன்னொரு கூரையை மட்டும்தான். அந்த வேண்டுகோளை நாடகாசிரியர் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வசந்தசேனைக்கு வருவோம். முதல் அங்கத்தில் இருட்டில் அவளைத் துரத்தும் விடன், அதாவது சகாரனின் கூட்டாளி, நீ சுமப்பது பணத்துக்குக் கிடைக்கும் சரக்கான உடல், குளத்தில் அறிஞனும் குளிப்பான் மூடனும் குளிப்பான், குளமும் கொடியும் ஓடமும் போல நீயும் எல்லாருக்கும் பொது என்று அவளுக்கு அறிவுரை சொல்கிறான். அன்புக்குக் காரணம் குணம், பலாத்காரம் அல்ல என்பது அவள் பதில். இதே வசந்தசேனை ஆறாம் அங்கத்தில் சாருதத்தனின் மனைவிக்குச் செய்தி அனுப்பும்போது, சாருதத்தரின் குணங்களால் வெல்லப்பட்ட அடிமை நான், ஆகவே உங்களுக்கும் அடிமை என்கிறாள். இது வெறும் பணிவு வழக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் தன் வீட்டு அடிமையை விடுவித்தவள் தன்னைச் சொல்லிக்கொள்ள இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறாள் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆறாம், ஏழாம் அங்கங்களில் விலங்கு மேடைப் பொருளாகவே வருகிறது. சிறையுடைத்து ஓடிவரும் ஆரியகன் காலில் அறுந்த சங்கிலியோடு சாருதத்தனின் வண்டியில் ஏறுகிறான். வண்டியோட்டி வர்த்தமானகன் அந்த ஓசையைக் கேட்டு, வசந்தசேனை சிலம்பொலிக்க ஏறிவிட்டாள் என்று நினைத்து ஓட்டுகிறான். விலங்கும் சிலம்பும் காதுக்கு ஒன்றாகக் கேட்கின்றன. ஏழாம் அங்கத்தில் சாருதத்தன் அந்த விலங்கை அகற்றச் செய்து பாழ்ங்கிணற்றில் போடச் சொல்கிறான். இதைவிட உறுதியான அன்பு விலங்குகளைப் பூட்டிவிட்டீர்கள் என்கிறான் ஆரியகன். பிறகு அரசனாகி அந்தக் கடனைத் தீர்க்கிறான். பத்தாம் அங்கத்து வெகுமதிகளெல்லாம் அந்தக் கடனின் வட்டிதான்.

இப்போது எட்டாம் அங்கம். ஸ்தாவரகன் சகாரனின் வண்டியோட்டி, கருவிலேயே அடிமை. நாரதத்தின் கணக்கில் எசமான் மனம் வைத்தாலொழிய மீள முடியாத வகை. புஷ்பகரண்டகத் தோட்டத்துக்கு வண்டி வந்ததும் சகாரன், சுவர்மேல் ஏற்றி ஓட்டு என்கிறான். மாடு சாகும், வண்டி உடையும், நானும் சாவேன் என்கிறான் இவன். நான் அரசனின் மைத்துனன், வேறு மாடு வாங்குவேன், வேறு வண்டி செய்வேன், வேறு வண்டிக்காரன் வருவான் என்கிறான் சகாரன். உங்களுக்கு எல்லாம் சரியாகிவிடும், எனக்கு நான் இருக்க மாட்டேனே என்பது பதில். சொல்லிவிட்டு, உடையட்டும் வண்டி என்று ஓட்டவும் செய்கிறான். உடம்பைப் பொறுத்தவரை கட்டளைக்கு மறுப்பில்லை.

வண்டி மாறி ஏறிய வசந்தசேனை அதற்குள் இருக்கிறாள். சகாரன் அவளைக் கொல்லச் சொல்ல, விடன் மறுக்கிறான். அடுத்து ஸ்தாவரகனுக்குப் பேரம். பொற்காப்பு செய்து தருகிறேன் என்கிறான் சகாரன், போட்டுக்கொள்வேன் என்கிறான் இவன். பொன்னிருக்கை தருகிறேன், உட்கார்ந்துகொள்வேன். எச்சில் உணவெல்லாம் உனக்கே, சாப்பிடுவேன். பணியாளர் எல்லாருக்கும் உன்னைத் தலைவனாக்குகிறேன், ஆவேன். அப்படியானால் நான் சொல்வதைச் செய். எல்லாம் செய்வேன், தகாததைத் தவிர. இந்தக் கேள்வி பதிலின் வேகம் முக்கியம். ஒவ்வொரு சம்மதமும் முழுச் சம்மதம். அதனால்தான் கடைசி மறுப்பு அத்தனை பலமாக விழுகிறது. கொல் என்றதும் அவன் சொல்வது: எசமான், என் உடம்புக்கு நீங்கள் அதிகாரி, என் ஒழுக்கத்துக்கு அல்ல.

யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால், மறுமைக்கு என்கிறான். மறுமை என்றால் என்ன? நல்வினை தீவினையின் பயன். நல்வினையின் பயன் எப்படியிருக்கும்? உங்களைப்போல, பொன்னணிந்து. தீவினையின் பயன்? என்னைப்போல, பிறர் சோறு தின்று. அடி விழுகிறது. விதியின் குற்றத்தால் கருவிலேயே அடிமையானேன், இன்னும் பாவத்தை விலைக்கு வாங்க மாட்டேன் என்கிறான். அவனை அடிமையாக வைத்திருக்கும் அதே வினைக்கொள்கையைத்தான் அவன் தன் மறுப்புக்கு ஆதாரமாகப் பிடிக்கிறான். எசமான் நல்வினை செய்தவன் என்று உண்மையாகவே நம்புகிறான், ஆனாலும் எசமானுக்குக் கீழ்ப்படியவில்லை. கிளர்ச்சிக்காரனாக அவனைக் காட்ட விரும்புகிறவர்களுக்கு இந்த இடம் இடறும். எனக்கோ இதுதான் அந்தக் காட்சியின் உண்மைத்தன்மை. கையில் வேறு எந்தத் தத்துவமும் இல்லாத ஒருவன், தன்னைக் கட்டிப்போட்டதையே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறான்.

அந்த மறுப்பு யாரையும் காப்பாற்றவில்லை. விடனையும் ஸ்தாவரகனையும் அப்புறப்படுத்திவிட்டுச் சகாரனே வசந்தசேனையின் கழுத்தை நெரிக்கிறான். இறந்துவிட்டாள் என்று விட்டுப்போனபின் பழைய சம்வாஹகனான துறவி அவளைப் பிழைக்கவைக்கிறான். பழி சாருதத்தன்மேல் விழுகிறது. சாட்சி சொல்லிவிடாதபடி ஸ்தாவரகனுக்கு விலங்கிட்டு மாளிகை மேல்மாடத்தில் அடைக்கிறார்கள். அதனால் ஒன்பதாம் அங்கத்து வழக்குமன்றத்தில் அவன் இல்லை.

பத்தாம் அங்கத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும்போது ஸ்தாவரகன் மேலிருந்து கத்துகிறான். தொலைவு, யாருக்கும் கேட்கவில்லை. சாளரத்தின் வழியே குதிக்கிறான். உயிர் தப்புகிறது, விலங்கும் உடைகிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கொன்றவன் சகாரன் என்று சொல்லியும் விடுகிறான். நாடகத்தில் ஓர் அடிமை தன் விலங்கைத் தானே உடைத்துக்கொள்ளும் ஒரே கணம் இது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது? சகாரன் வந்து, இவன் பொன் திருடினான், அதற்காக அடித்துக் கட்டினேன், பகையில் பேசுகிறான் என்கிறான். இரகசியமாக ஒரு காப்பை நீட்டி மாற்றிச் சொல்லச் சொல்கிறான். ஸ்தாவரகன் அதைத் தூக்கிக் காட்டி, பாருங்கள், எனக்குக் கையூட்டுக் கொடுக்கிறான் என்கிறான். சகாரன் பிடுங்கிக்கொண்டு, இதுதான் அவன் திருடிய பொன், நம்பாவிட்டால் முதுகைப் பாருங்கள் என்கிறான். முதுகில் தழும்பு இருக்கிறது. மரணதண்டனையை நிறைவேற்றும் சண்டாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அடி வாங்கிய அடிமை எதைத்தான் சொல்ல மாட்டான்? மறுத்ததற்காக விழுந்த அடியின் தழும்பே அவன் பொய்யனென்பதற்குச் சான்றாகிறது. அடிமை நிலை இப்படித்தான், உண்மையைச் சொன்னாலும் யாரையும் நம்பவைக்க முடிவதில்லை என்று சொல்லி, ஐயா, என்னால் முடிந்தது இவ்வளவே என்று சாருதத்தன் காலில் விழுகிறான். வேறு சாட்சி இல்லாதபோது அடிமையின் சாட்சியையும் ஏற்கலாம் என்று மனுவிலேயே வழி இருக்கிறது. சட்டத்தில் வழி இருந்தும் தெருவில் இல்லை.

அதே அங்கத்தில் ஒரு சண்டாளன், தன் தந்தை இறக்கும்போது சொன்னதை நினைவுகூர்கிறான். கொல்வதில் அவசரப்படாதே, யாராவது நல்லவர் பணம் கொடுத்து மீட்கலாம், அரசனுக்கு மகன் பிறந்து கைதிகளை விடலாம், யானை கட்டறுத்துக் குழப்பம் வரலாம், அரசனே மாறலாம். இந்த நாடகத்தில் விடுதலை எங்கிருந்தெல்லாம் வரும் என்பதன் முழுப் பட்டியல் அது. நியாயம் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் சொன்னதுதான் நடக்கிறது. பாலகன் கொல்லப்பட்டு ஆரியகன் அரசனாகிறான்.

பிறகு வெகுமதிகள் வரிசையாக வருகின்றன, சர்விலகன் கேட்கக் கேட்கச் சாருதத்தன் சொல்கிறான். அரசன் வசந்தசேனைக்கு ‘மனைவி’ என்னும் பெயரை அருள்கிறான். அவளுக்கு முக்காடு போடுகிறவன் சர்விலகன், நான்காம் அங்கத்தில் மதனிகைக்கு அதே முக்காட்டைப் பற்றிப் பேசியவன். துறவி எல்லாப் பௌத்த விகாரைகளுக்கும் தலைவனாகிறான். சண்டாளர்கள் சண்டாளர்களுக்கே தலைவர்களாகிறார்கள், அதாவது இருந்த இடத்திலேயே ஒரு படி மேல். ஸ்தாவரகனுக்கு ஒரே வரி: நல்லொழுக்கமுள்ளவனே, அடிமையல்லாதவன் ஆகுக. அடைக்கலம் கேட்ட சகாரனோ முன்பிருந்த நிலையிலேயே இருக்க விடப்படுகிறான்.

நாரதம் சொல்லும் விடுவிப்புச் சடங்கில் எசமான் அடிமையின் தோளிலிருந்து நீர்க்குடத்தை எடுத்து உடைக்க வேண்டும், அட்சதையும் பூவும் தலையில் தூவ வேண்டும், ‘அடிமையல்லாதவன்’ என்று மூன்று முறை சொல்லிக் கிழக்குநோக்கி அனுப்ப வேண்டும். இங்கே அந்தச் சொல் ஒருமுறைதான் வருகிறது, அதையும் அவனுடைய எசமான் சொல்லவில்லை. சாருதத்தன் தன் சொந்த வண்டியோட்டி வர்த்தமானகனையோ பணிப்பெண் ரதனிகையையோ இந்த வரிசையில் நினைக்கவும் இல்லை.

இதே கதையைச் சொல்லும், பாசனின் பெயரில் வழங்கும் ‘சாருதத்தம்’ என்ற நாடகம் நான்கே அங்கங்கள் கொண்டது. மதனிகை விடுதலை அதிலும் உண்டு. ஸ்தாவரகனின் மறுப்பும் ஆரியகனின் புரட்சியும் பத்து அங்க நாடகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே அடிமைத்தளை பற்றி எழுதுகிறவர்கள் நான்கு அங்கத்தோடு நிறுத்தினால் பாதிப் பொருள்கூடக் கிடைக்காது. தமிழில் படிக்கப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் ‘மண்ணியல் சிறுதேர்’ இருக்கிறது. நேரம் குறைவென்றால் 2, 4, 8, 10 அங்கங்களை அந்த வரிசையில் வாசியுங்கள்.

மேடையேற்றுகிறவர்கள் நேரத்துக்காக முதலில் வெட்ட நினைப்பது எட்டாம் அங்கத்துப் பேரமும் பத்தாம் அங்கத்துக் குதிப்பும். பேரத்தை வெட்டினால் மறுப்பு வெறும் நல்லொழுக்க வசனமாகிவிடும். குதிப்பை வெட்டினால் ஒரு வரி விடுதலை வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும். சகாரன் பேச்சிலுள்ள கோமாளித்தனத்தை ஸ்தாவரகனுக்கும் ஏற்றிச் சிரிப்பு வரவழைப்பது இன்னொரு பிழை. சகாரன் எவ்வளவு கோமாளியோ அவ்வளவு நிதானமாக இவன் பேச வேண்டும். விடுதலை வரிக்குப் பிறகு ஸ்தாவரகன் நன்றி சொல்லிக் காலில் விழுவதாக ஓர் அசைவைச் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் அவனுக்கு வசனம் கிடையாது, சாருதத்தன் அடுத்த மூச்சிலேயே சண்டாளர்களுக்கு என்ன பதவி என்பதற்குப் போய்விடுகிறான். நடிகரை அந்த வேகத்துக்குள் அப்படியே நிற்க விடுங்கள்.